வயசுக்கு மீறின பக்குவம் எங்கிருந்து வருகிறது?

“இந்த வயசுலயே எவ்வளவு பொறுப்பு பாருங்க” என்று பெரியவர்கள் என்னைக் காட்டிச் சொன்னபோது எனக்குப் பதினோரு வயது. பாராட்டுதான், சொன்னவர்கள் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. அப்பா வீட்டைவிட்டுப் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது, அம்மா இரண்டு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், தம்பிக்கு ஆறு வயது. அவனை எழுப்பி, குளிப்பாட்டி, தலைவாரி, பையில் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போவது என் வேலை. அந்தப் பாராட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை இன்னொரு தடவை கேட்பதற்காகவே இன்னும் கொஞ்சம் பொறுப்பாக நடந்துகொண்டேன்.

நம் மொழியில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. பிஞ்சில் பழுத்தது என்று ஒன்று, அது பெரும்பாலும் வாய்த்துடுக்கான பிள்ளையைத் திட்டுவதற்கு. இன்னொன்று வெம்பல். காய் முற்றுவதற்கு முன்பே வெயிலில் வாடியோ காம்பு அடிபட்டோ நிறம் மாறிவிட்டால் வெம்பிவிட்டது என்கிறோம் இல்லையா, மேலே பார்த்தால் பழம் மாதிரியே இருக்கும், அமுக்கிப் பார்த்தால்தான் தெரியும். நான் இங்கே விளக்கப் போகும் விஷயத்துக்கு இந்த இரண்டாவது சொல்தான் பக்கத்தில் வருகிறது. ஆனால் உவமையை ரொம்ப தூரம் இழுக்க மாட்டேன். வெம்பின காய் அவ்வளவுதான், மனிதர்கள் அப்படி இல்லை.

குடும்ப உறவுகளைப் பற்றி ஆராய்கிறவர்கள் இதற்குப் ‘பேரன்டிஃபிகேஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாய்க்குள் நுழையாத சொல், அர்த்தம் எளிது: வீட்டில் பெற்றோர் நிற்க வேண்டிய இடத்தில் பிள்ளை போய் நிற்பது. குடும்ப சிகிச்சை முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான சால்வடோர் மினுச்சினும் அவருடைய சகாக்களும் வறுமையில் இருந்த குடும்பங்களைப் பற்றி 1967-ல் எழுதியபோது, தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு விழுந்த பிள்ளையை ‘பெற்றோர்ப் பிள்ளை’ என்கிற பொருளில் குறிப்பிட்டார்கள். ஹங்கேரியில் பிறந்த மனநல மருத்துவர் இவான் போசோர்மேனி-நாஜ், ஜெரால்டின் ஸ்பார்க்குடன் சேர்ந்து 1973-ல் எழுதியபோது இதைக் கொடுக்கல் வாங்கல் கணக்காகப் பார்த்தார். ஒவ்வொரு குடும்பத்திலும் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், என்ன பெற்றார்கள் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பேரேடு ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளை பெறுவதைவிடக் கொடுப்பது தொடர்ந்து அதிகமாகிக்கொண்டே போனால் அந்தப் பாக்கி அடுத்த தலைமுறையில் யாரிடமாவது வசூலாகும் என்பது அவர் பார்வை. எனக்கு இது சரி என்றே படுகிறது, கணக்குப் பிள்ளை மாதிரி பேசுகிறாரே என்று முதலில் தோன்றினாலும்.

பிள்ளை வேலை செய்வதெல்லாம் இதில் சேராது. தட்டைக் கழுவி வைப்பதும், தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான், நடக்கவும் வேண்டும். அந்த வேலை பிள்ளை செய்யாவிட்டால் ஆளே இல்லை என்கிற நிலைமை வரும்போதுதான் பேச்சே தொடங்குகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. ஆய்வாளர்கள் கனமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள், நான் கைவேலை, மனவேலை என்று வைத்துக்கொள்கிறேன். சமைப்பது, துணி துவைப்பது, பில் கட்டுவது, நோயில் கிடப்பவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது இதெல்லாம் கைவேலை. அழுகிற அம்மாவைத் தேற்றுவது, சண்டையில் நடுவில் நின்று விலக்கிவிடுவது, ஒருவர் சொன்ன ரகசியத்தை இன்னொருவரிடம் சொல்லாமல் காப்பது, ராத்திரி பத்து மணிக்குப் பெரியவர்களின் மனக்குறையை உட்கார்ந்து கேட்பது இதெல்லாம் மனவேலை. இரண்டாவதுதான் அதிகம் பாதிக்கிறது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். துணி துவைத்தால் துவைத்தாயிற்று, கொடியில் தொங்குகிறது, கண்ணால் பார்க்கலாம். அம்மாவைச் சந்தோஷமாக வைத்திருக்கும் வேலை எப்போது முடியும்? அது முடிகிற வேலையே இல்லை, அதோடு ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கையில் அந்தச் சந்தோஷம் இல்லவும் இல்லை. ஆக, தினமும் தோற்றுப்போகிற வேலை ஒன்றை அந்தப் பிள்ளை தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறது, தோற்பது தன் குறை என்று வேறு நினைத்துக்கொள்கிறது.

எங்கள் வீட்டுக் கதவில் சாவி நுழையும் சத்தம் இன்னமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரே தடவையில் உள்ளே போய்த் திரும்பினால் அம்மா நன்றாக இருக்கிறார். இரண்டு மூன்று தடவை உரசித் தடுமாறினால் வேலையிடத்தில் ஏதோ நடந்திருக்கிறது, அல்லது வக்கீல் பேசியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்கும் கதவு திறப்பதற்கும் நடுவில் இருக்கிற மூன்று நாலு நொடியில் நான் டிவியை அணைத்திருப்பேன், தம்பியின் பொம்மைகளைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளியிருப்பேன், அவனிடம் கண்ணைக் காட்டியிருப்பேன், அவனும் புரிந்துகொண்டு நோட்டைத் திறந்து வைத்துக்கொள்வான். ஆறு வயதுப் பையன். உள்ளே வருகிற அம்மாவுக்கு அமைதியான வீடு. “என் பிள்ளைங்க எனக்குக் கஷ்டமே கொடுக்கறதில்ல” என்று அவர் போனில் யாரிடமோ பெருமையாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

ஊர் அதைப் பக்குவம் என்றது. நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் குழப்பம் எல்லாம் இங்கேதான். பக்குவப்பட்ட ஆளும் காவல் காக்கிற ஆளும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருப்பார்கள். இரண்டு பேரும் சத்தம் போட மாட்டார்கள், கேட்டதை வாங்கித் தா என்று அடம்பிடிக்க மாட்டார்கள், அடுத்தவர் முகம் வாடினால் உடனே கவனிப்பார்கள். பள்ளியில் இந்தப் பிள்ளைகளைப் பற்றி எந்தப் புகாரும் போகாது. குறும்பு செய்கிற, மார்க் குறைகிற பிள்ளையைப் பார்த்து “வீட்டுல ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்கத் தோன்றும் ஆசிரியருக்கு, வகுப்பிலேயே அமைதியான பிள்ளையிடம் அதைக் கேட்கத் தோன்றாது. தவறு செய்ய முடிவதுதான் உண்மையில் ஒரு அடையாளம். பக்குவமானவர் அவ்வப்போது சொதப்புவார், சிரித்துக்கொள்வார். காவல் காக்கிற பிள்ளை ஒரு டம்ளரைக் கை தவறி உடைத்துவிட்டால் முகம் வெளிறிப்போய் நிற்கும், யாருமே திட்டாவிட்டாலும்.

சரி, பெற்றோர் பிரிந்தால் இது ஏன் நடக்கிறது? முதல் காரணம் வெறும் கணக்கு. இரண்டு பேர் பார்த்த வேலையை, சம்பாதிப்பதிலிருந்து காய்ச்சலுக்குக் கண்விழிப்பது வரை, இனி ஒருவர் பார்க்க வேண்டும். நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம்தான். மிச்சப்படும் வேலை கீழே இறங்கும், வீட்டில் அடுத்துப் பெரிய ஆள் தலையில் உட்காரும். இதில் யாருடைய வில்லத்தனமும் இல்லை.

இரண்டாவது காரணம் நுட்பமானது. 1979-ல் ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர், ஒற்றைப் பெற்றோர் வீடுகளில் வளரும் பிள்ளைகள் கொஞ்சம் வேகமாக வளர்ந்துவிடுவது ஏன் என்று யோசித்தார். இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டில், ஒருவர் இன்னொருவரைக் கேட்காமல் பிள்ளையோடு சேர்ந்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. பெரியவர்கள் மேலே ஒரு அணி, பிள்ளைகள் கீழே. ஒருவர் போய்விட்டால் அந்த மேல் அணியே கலைந்துவிடுகிறது, மீதி இருப்பவர் கலந்து பேச ஆள் தேடித் திரும்பிப் பார்த்தால் பிள்ளைதான் நிற்கிறது. “வாடகை வீட்டை மாத்திடலாமா, நீ என்ன சொல்ற?” என்று கேட்கிறார். வீட்டு நிர்வாகத்தில் பிள்ளைக்கு ஒரு இளைய பங்காளி மாதிரி இடம் கிடைத்துவிடுகிறது. வைஸ் இதை முழுக்கக் கெடுதலாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தன்னம்பிக்கையும் வருகிறது, தான் வேண்டப்பட்ட ஆள் என்கிற நிறைவும் வருகிறது என்றார். அதோடு, சின்னப் பிள்ளையாக யார் மேலாவது சாய்ந்துகொள்ளும் ஆசையை மூட்டைகட்டி வைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மூன்றாவது, தூது. பிரிந்தவர்கள் நேராகப் பேசிக்கொள்ளாவிட்டால் பேச்சு பிள்ளை வழியாகத்தான் போகும். “உங்க அப்பாகிட்ட சொல்லு, ஃபீஸ் கட்டற தேதி போயிடுச்சுன்னு.” “உங்க அம்மாகிட்ட கேளு, அவங்களுக்கு வேற வேலையே இல்லையான்னு.” இதைப் பிள்ளைகள் அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை, அது தெரியுமா உங்களுக்கு? வழியிலேயே திருத்தம் நடக்கும். முதல் வாக்கியத்தில் இருக்கும் காரத்தை எடுத்துவிட்டு, இரண்டாவது வாக்கியத்தையே வெட்டிவிட்டு, “அம்மா நல்லாருக்கீங்களான்னு கேட்டாங்க” என்று அவர்கள் கேட்கவே கேட்காத ஒன்றைச் சேர்த்துச் சொல்வோம். இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கம் ஏறும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்து அதைத் தணித்துக்கொள்வது குடும்பங்களில் வழக்கம் என்று மரே போவன் என்ற மனநல மருத்துவர் விளக்கியிருக்கிறார், முக்கோணம் என்பார் அவர். முக்கோணத்தின் மூன்றாவது முனையில் உட்கார்ந்திருப்பது எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தால் அது என்ன செய்யும்? எடிட்டர் வேலை பார்க்கும்.

பணக் கஷ்டமும் சேர்ந்துகொண்டால் இன்னொரு வாசல் திறக்கிறது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களோடு பல வருடம் நெருங்கிப் பழகி ஆராய்ந்த லிண்டா பர்ட்டன் 2007-ல் எழுதிய கட்டுரையில் இதை நாலு நிலையாகப் பிரிக்கிறார். முதல் நிலையில் பிள்ளை எந்த வேலையும் செய்வதில்லை, தெரிந்துகொள்கிறது, அவ்வளவுதான். கையில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யார் போன் வந்தால் எடுக்கக் கூடாது. அப்புறம் பெரியவர் மேற்பார்வையில் சில பொறுப்புகள், அப்புறம் பெரியவருக்குச் சமமான தோழமை, கடைசியில் பெற்றோர் இடமே. நான் கவனித்த வரையில் முதல் நிலையைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். “அதுக்கு என்ன தெரியும், சின்னப்புள்ள” என்பார்கள். அதற்கு எல்லாம் தெரியும்.

பள்ளியிலிருந்து ஒரு சுற்றுலாத் தாள் கொடுத்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டுப் பணத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அதை நாலாக மடித்துப் பையின் அடியில், பழைய ஜாமெட்ரி பாக்ஸுக்குக் கீழே வைத்துவிட்டேன். வீட்டில் காட்டவே இல்லை. ஆசிரியரிடம் “எனக்கு பஸ்ல போனா வாந்தி வரும் மிஸ்” என்றேன். வராது. அந்த வருடம் முழுக்க அந்தத் தாள் பையிலேயே கிடந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அம்மா பணம் இல்லை என்று சொல்லவே இல்லை, நான் கேட்கவே இல்லையே. அவருக்குப் பதிலாக நானே யோசித்து, நானே மறுத்து, நானே பொய்யும் தயார் செய்துவிட்டேன். கேட்டிருந்தால் எப்படியாவது புரட்டிக் கொடுத்திருப்பார் என்று பின்னால் தெரிந்தது. அது தெரிந்தபோது வந்த கோபம் யார் மேல் என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

அப்படியானால் இது முழுக்கக் கெடுதலா என்றால், இல்லை. இங்கேதான் இணையத்தில் வரும் விளக்கங்களோடு எனக்குச் சண்டை. வீட்டுக்கு ஒரு கை கொடுத்த எல்லாப் பிள்ளையையும் காயம்பட்டவராக்கிவிடுகிறார்கள். கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர், 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றி 1974-ல் எழுதியதைப் பாருங்கள். ஓக்லண்டில் 1920, 21-ல் பிறந்த பிள்ளைகளுக்கு வீழ்ச்சி உச்சத்தில் இருந்தபோது பத்து வயது தாண்டியிருந்தது. வருமானம் இடிந்த வீடுகளில் பையன்கள் வெளியே சின்னச் சின்ன வேலைக்குப் போனார்கள், பெண் பிள்ளைகள் வீட்டு வேலையை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வேலை உண்மையிலேயே வீட்டுக்குத் தேவைப்பட்டது, அவர்களாலும் முடிந்தது, பெரும்பாலோர் பின்னாளில் உறுதியாகவே நின்றார்கள். பெர்க்லியில் 1928, 29-ல் பிறந்த பிள்ளைகளையும் அவர் பார்த்தார். கஷ்டம் வந்தபோது இவர்கள் ரொம்பச் சின்னவர்கள். குறிப்பாகப் பையன்கள், பதின்பருவத்தில் நம்பிக்கை குறைந்தவர்களாக, ஒதுங்கியவர்களாகத் தெரிந்தார்கள், அவர்களிலும் பலர் பிற்பாடு தேறி வந்தார்கள் என்றாலும். ஒரே மழை, நனைந்த வயது வேறு.

பிரிவைப் பற்றியும் இதே மாதிரி நிதானம் வேண்டும். மேவிஸ் ஹெதரிங்டன் பல பத்தாண்டு பிரிந்த குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தவர். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காட்டினருக்குக் கடுமையான சிக்கல்கள் நீடித்தன, பிரியாத குடும்பங்களில் அது சுமார் 10 விழுக்காடு என்றார். இரட்டிப்பு, அதற்கு மேலும்கூட, சாதாரண விஷயம் இல்லை. அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால் முக்கால்வாசிப் பிள்ளைகள் சமாளித்து வந்திருக்கிறார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை நடுவயது வரை தொடர்ந்த எம்மி வெர்னரின் ஆய்விலும், வறுமை, குடும்பக் குழப்பம் என்று பல சுமைகளோடு பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, பெற்றோரோ பாட்டியோ ஆசிரியரோ, மேலே சாய்ந்துகொள்ள நிலையாக ஒரு பெரியவர். இன்னொன்றையும் வெர்னர் குறிப்பிடுகிறார்: வீட்டில் அவர்களுக்கென்று பொறுப்புகள் இருந்தன!

பொறுப்பு ஒரு பிள்ளையைத் தூக்கிவிடுகிறது, இன்னொரு பிள்ளையை அமுக்குகிறது என்றால் வித்தியாசம் எங்கே? செய்வது யாருக்காவது தெரிகிறதா, அதற்கு ஒரு நன்றி வருகிறதா என்பதில் நிறைய இருக்கிறது. இந்தத் துறையில் முக்கியமாக எழுதிய கிரெகரி ஜுர்கோவிக் நியாயம் என்கிற சொல்லைத்தான் அழுத்திச் சொல்கிறார், எவ்வளவு வேலை என்பதைவிட, தனக்கு நடப்பது நியாயம் என்று பிள்ளைக்குப் படுகிறதா என்பது. மினுச்சினும் மூத்த பிள்ளை பொறுப்பேற்பதையே தவறென்று சொல்லவில்லை. பெரிய குடும்பத்திலோ ஒற்றைப் பெற்றோர் வீட்டிலோ அது இயல்பான ஏற்பாடு, எதுவரை என்று தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் நன்றாகவே நடக்கும் என்றார். பெற்றோர் மொத்தமாகக் கைகழுவிவிட்டு, பிள்ளைக்குப் பொறுப்பு மட்டும் இருந்து அதிகாரம் இல்லாமல் போகும்போதுதான் சிக்கல்.

அந்த அதிகாரம் இல்லாத பொறுப்பு எப்படி இருக்கும் என்று மூத்த பிள்ளைகளைக் கேளுங்கள். தம்பி வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் திட்டு எனக்கு. அவனை எழுத வைக்க நான் அதட்டினால் “நீ என்ன எங்க அம்மாவா?” என்பான். நான் அவனை அடித்தும் இருக்கிறேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன், பதினோரு வயதுக்குத் தெரிந்த ஒழுங்குபடுத்தும் முறை அதுதான். இந்தக் கதையில் இளையவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூத்தவள் அம்மா ஆகிவிட்டால் தம்பிக்கு அக்கா இல்லாமல் போகிறாள், சேர்ந்து திருட்டுத்தனம் செய்ய, பெரியவர்களைப் பற்றிக் கிண்டலடிக்க அவனுக்கு ஆள் இல்லை. அவன் இப்போதும் ஏதாவது தப்பு செய்துவிட்டால் என்னிடம்தான் கடைசியில் சொல்வான்.

வளர்ந்த பிறகு இது எப்படித் தெரியும் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். உதவி கேட்க வராது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் எழுந்து எதையாவது எடுத்து வைக்கத் தோன்றும். சும்மா உட்கார்ந்திருந்தால் குற்றம் செய்கிற மாதிரி இருக்கும். அலுவலகத்தில் யார் வேலையையோ நீங்கள் முடித்துக்கொண்டிருப்பீர்கள். பழகுகிறவர்களில் தூக்கி நிறுத்த வேண்டியவர்களாகவே பார்த்துத் தேர்ந்தெடுப்பீர்கள், நன்றாக இருக்கிற ஆள் கொஞ்சம் சப்பென்று இருப்பார். இவை எதுவும் நோய் இல்லை, மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் பேரன்டிஃபிகேஷன் என்று ஒன்று கிடையாது. குழந்தைப் பருவத் துயரங்களை எண்ணிப் பார்க்கும், 1998-ல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்விலிருந்து கிளம்பிய பத்துக் கேள்வித் தாள் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அதில் பெற்றோர் பிரிவு உண்டு, பிள்ளை பெற்றோரானது பற்றிக் கேள்வியே இல்லை. அதில் வரும் மதிப்பெண்ணை ஜாதகம் மாதிரி வைத்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம். தூக்கம், வேலை, உறவு கெடும் அளவுக்கு இருந்தால் மனநல ஆலோசகரிடம் போங்கள். அங்கேயும் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வருகிற ஆட்கள் நம்மில் உண்டு, அதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் இப்போது பிரிந்து வாழ்கிற, தனியாகப் பிள்ளை வளர்க்கிற அப்பா அம்மா யாராவது இருந்தால், உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. பிள்ளையிடம் வேலை வாங்காதீர்கள் என்றும் சொல்லப் போவதில்லை, முடியாது என்று எனக்குத் தெரியும். வேலைக்கு ஒரு எல்லை சொல்லுங்கள், “பரீட்சை வரைக்கும் சாயங்காலம் நீ தம்பியைப் பாரு, அப்புறம் நான் வேற ஏற்பாடு பண்ணிடுவேன்” என்கிற மாதிரி. பணத்தைப் பற்றி மறைக்கவும் வேண்டாம், எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். “இந்த மாசம் கொஞ்சம் இழுபறி, அதைப் பார்த்துக்கறது என் வேலை, உனக்குத் தேவைப்படறதை நீ கேளு, முடியலன்னா முடியலன்னு நானே சொல்றேன்” என்று சொன்னால் பிள்ளை தாளை மடித்துப் பைக்குள் வைக்காது. கேட்பது அதன் வேலை, மறுப்பது உங்கள் வேலை. மனம் விட்டுப் பேச உங்களுக்கு ஆள் வேண்டும்தான், அந்த ஆள் பெரியவராக இருக்கட்டும்.

யாரோடு இருக்க விருப்பம் என்று பிள்ளையைக் கேட்கலாமா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. கருத்தைக் கேட்பது வேறு, தீர்ப்பை எழுதச் சொல்வது வேறு. “அப்பாவா அம்மாவா, நீயே சொல்லு” என்று நிறுத்தி வைத்தால் இரண்டில் ஒருவரைத் தான் கைவிட்டதாகவே அந்தப் பிள்ளை காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கும். அதே உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் உரிமை உண்டு என்கிறது, அதை யாரும் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை.

ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, பிள்ளை வளர்ந்துவிட்டது என்றால் ஒரு தடவை உட்கார்ந்து சொல்லலாம். “நீ செய்ய வேண்டாத வேலை நிறையச் செஞ்ச. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன், எனக்கு வேற வழி தெரியல.” விளக்கம் நீள வேண்டாம், அழுகையும் முடிந்தவரை வேண்டாம், அழுதால் பிள்ளை எழுந்து வந்து உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடும், பழக்கதோஷம். என் அம்மா இதை என்னிடம் சொன்னது எனக்கு முப்பத்திரண்டு வயதில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல். நான் அவர் முடிப்பதற்குள் “பரவாயில்லம்மா” என்றேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, “இந்த பரவாயில்லயை எனக்குத் தெரியும், நீ யோசிச்சுட்டு சொல்லு” என்றார். நான் இரண்டு வாரம் கழித்துத்தான் பதில் சொன்னேன். அதில் பரவாயில்லை என்கிற சொல் இல்லை, கொஞ்சம் சத்தமாகவே பேசினேன், அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டார்.